பன்னிரண்டு இரவுகள் தேடிய கசிவு

குடிநீர் வாரியத்தில் அவனுடைய வேலை கேட்பது. ஊர் அடங்கிய பிறகு தெருத்தெருவாக நடந்து, தரையில் பதித்த வால்வு மூடிகளைத் திறந்து, ஐந்தடி இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். மண்ணுக்குள் எங்காவது தண்ணீர் கசிந்தால் கம்பி சொல்லிவிடும். சின்ன ஓட்டை சீறும். பெரிய ஓட்டை முனகும். வாரியத்தில் இந்த வேலையைச் செய்பவர்கள் ஆறு பேர். சந்தேகம் என்று வந்தால் மற்ற ஐந்து பேரும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மனைவி இறந்து ஒன்றரை வருடத்தில் அவனிடம் மிச்சமிருந்த பெருமை அது ஒன்றுதான்.

அன்று அவனுக்கு லீவு. நகரத்தில் வருடத்துக்கு ஒருமுறை விடிய விடிய நடக்கும் நவீனக் கலைவிழா. பெரிய சாலைகளில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காலிக் கட்டடம், கார் நிறுத்துமிடம், பேருந்துப் பணிமனை என்று கதவு உள்ள இடமெல்லாம் யாராவது ஒரு கலைஞர் எதையாவது செய்து வைத்திருப்பார். வாசலில் ஒரு வரைபடம் கொடுப்பார்கள். அதில் முப்பத்தைந்து எண்கள். முப்பத்தொன்றாம் எண் அவனுடைய மைத்துனி.

மனைவியின் ஒரே தங்கை. வயது இருபத்தாறு. கட்டட வரைபட நிறுவனம் ஒன்றில் நல்ல வேலையில் இருந்தவள், எட்டு மாதத்துக்கு முன்பு அதை உதறிவிட்டு இதில் இறங்கினாள். அவளுடைய அப்பாவுக்கு, அதாவது அவனுடைய மாமனாருக்கு, அது துளியும் பிடிக்கவில்லை. அவர் நீதிமன்றத்தில் முப்பத்துநான்கு வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். யார் என்ன சொன்னாலும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்வார். தன் பங்குக்கு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டார். மூத்தவள் போன பிறகு பேசுவதும் குறைந்துபோயிற்று. பழைய நிறுவனம் மகளைத் திரும்பக் கூப்பிட்டு எழுதிய கடிதம் அவருடைய மேஜையில் இருந்தது. திங்கட்கிழமை அனுப்பி வைக்கிறேன் என்று அவர்களிடம் அவரே சொல்லியும் வைத்திருந்தார். ஒருதரம் வந்து பார்க்கிறேன், அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குப் பட்டால் திங்கட்கிழமை நீ வேலையில் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவளும் சரி என்றாள்.

இந்தப் பேச்சு நடந்தது அவன் முன்னிலையில். அவளை நம்பலாம் மாமா என்று வாய்விட்டவனும் அவன்தான். அவள் என்ன செய்கிறாள் என்று அவனுக்கே தெரியாது. யாரிடமும் அவள் சொல்லவில்லை. "வந்து கேளுங்க அத்தான், உங்களுக்குப் புரியும்" என்றாள், அவ்வளவுதான். பார்க்க வரச் சொல்லாமல் கேட்க வரச் சொன்னதை அவன் கவனிக்கவில்லை.

கூட்டம் குறைந்த பிறகு ஒரு மணிக்கு வருகிறேன், எப்படியும் தூக்கம் வரப்போவதில்லை என்று மாமனார் சொல்லியிருந்தார்.

அவனைக் கிளப்பிக்கொண்டு வந்தவர்கள் இருவர். ஒருவன் மீட்டர். வேலையில் சேர்ந்த புதிதில் வீடுவீடாக மீட்டர் பார்த்ததால் அந்தப் பெயர். இப்போது கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, எந்த மண்டலத்துக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்க்கிறான். பதவி உயர்ந்தும் பெயர் உயரவில்லை. அன்று அவசர அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டிய முறை அவனுடையது. அதனால் கருவிகளோடு வாரியத்து வேனையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். இன்னொருவர் லேப் அக்கா. வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரில் குளோரின் பார்ப்பவர். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், நாக்கில் கத்தி. வீட்டிலேயே இருக்கிறேன் என்று அவன் இழுத்தபோது, "உன்ன வீட்ல விட்டா சுவத்துல காத வச்சிக் கேட்டுட்டு இருப்ப, கிளம்பு" என்று செருப்பை எடுத்துக் காலடியில் போட்டவர் அவர்தான்.

முதலில் மூடிக் கிடந்த ஒரு வங்கிக் கிளைக்குள் போனார்கள். டோக்கன் எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் ஒருத்தி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் எண் மாறவே இல்லை. அதுதான் படைப்பு. மீட்டர் பத்து நிமிடம் மரியாதையாக உட்கார்ந்து பார்த்தான். வெளியே வந்ததும், இதை நம் ஆபீசில் வருடம் முழுக்க நடத்துகிறோம், ஒருத்தனும் கைதட்டியதில்லை என்று வருத்தப்பட்டான்.

அடுத்தது அடுக்குமாடி கார் நிறுத்துமிடம். முந்நூறு ஆபீஸ் நாற்காலிகளை உத்தரத்திலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் அவை மெல்லச் சுழன்றன. ஓய்வு பெற்றவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளாம். செய்த பையன் பக்கத்திலேயே நின்றான். எல்லாவற்றையும் துடைத்தது யார் என்று லேப் அக்கா கேட்டார். நான்தான் அக்கா, மூன்று வாரம் ஆயிற்று என்றான். இதில் உட்கார எது வசதி என்று கேட்டதற்கு அவன் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, நடந்து போய், ஓரத்தில் தொங்கிய ஒன்றைக் காட்டினான். அந்தப் பதிலில் மூவருக்கும் அந்தப் பையனைப் பிடித்துப்போயிற்று.

அவனும் எல்லாவற்றையும் பார்த்தான். நன்றாக இருந்தது என்றும் சொன்னான். ஆனால் பார்த்தது எதுவும் மனதில் தங்கவில்லை. அதற்குக் கலையைக் குறை சொல்ல முடியாது. ஒன்றரை வருடமாகச் சாப்பாடும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

வழியெல்லாம் மீட்டர் தன் புலம்பலை ஆரம்பித்தான். ஏழாவது மண்டலத்தில் பன்னிரண்டு நாளாகக் கணக்கு உதைக்கிறது. ஊர் தூங்கும் நேரத்தில் குழாயில் தண்ணீர் ஓட்டம் கிட்டத்தட்ட நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. பெரிய அளவு இல்லை, ஒரு வீட்டுக் குழாயைப் பாதி திறந்துவிட்ட அளவு. ஆனால் இரவெல்லாம் விடாமல் போகிறது. அந்தக் கசிவைத் தேடிக் கம்பியும் கையுமாக அவன்தான் பன்னிரண்டு இரவுகள் அந்த மண்டலத்தை அளந்தான். பட்டியலில் உள்ள ஒரு வால்வு விடாமல் கம்பி வைத்துக் கேட்டாயிற்று. ஒன்றும் அகப்படவில்லை. வாரியத்தில் அவனைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். பகல் ஆட்கள், தலைவருக்குக் காதில் அழுக்கு சேர்ந்துவிட்டது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். அதை அவனிடமே வந்து சொன்ன நல்ல மனசு மீட்டருடையது.

பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது. பெரிய சாலையில் கூட்டம் நெரிந்ததால், வேனை நிறுத்தியிருந்த பின்தெரு வழியாக முப்பத்தொன்றாம் எண்ணுக்குப் போகலாம் என்று திரும்பினார்கள். ஒரு பக்கம் பூட்டிய கிடங்குகள். மறுபக்கம் தெரு முழுக்க நீண்ட ஒரே செங்கல் சுவர். விளக்கு ஒன்றுதான் எரிந்தது. சுவர் ஓரமாகத் துருப்பிடித்த ஒரு வால்வு மூடி. அவன் அதைத் தாண்டிப் போனான். நின்றான். திரும்பி வந்து குந்தி உட்கார்ந்தான்.

இன்றைக்கு லீவு என்று லேப் அக்கா ஞாபகப்படுத்தினார். அவன் அதற்குள் மூடியில் காதை வைத்துவிட்டான். பிறகு வேனைப் பார்த்துக் கையை நீட்டினான். மீட்டர் ஓடிப்போய்க் கம்பியை எடுத்து வந்தான்.

அந்தத் தெரு அவனுடைய பட்டியலிலேயே இல்லை. அந்தக் கிளைக் குழாயை வரைபடத்தில் பெருக்கல் குறி போட்டு அடித்திருந்தார்கள். ஏதோ தொழிற்கூடத்துக்குப் போன லைன், அது மூடியதும் செத்த லைன். வீடு ஒன்றும் இல்லை. ஆனால் கம்பியில் தண்ணீர் உயிரோடு இருந்தது. ஒரு கசிவு இல்லை, பல. ஒன்று மூச்சு விடுவது மாதிரி. ஒன்று மேஜையில் விரலால் தட்டுவது மாதிரி. ஒன்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டு யோசிக்கும். வேலைக்குத் தேவையானதைவிட ஒரு நிமிடம் கூடுதலாகவே கேட்டான். ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து, குழாய் முழுக்க அரித்துப் போயிருக்கிறது, பதினைந்து இருபது இடத்தில் ஓட்டை என்றான்.

மீட்டருக்கு முகமெல்லாம் பல். வால்வுச் சாவி என்பது ஆள் உயர இரும்பு. தலையில் குறுக்குக் கட்டை. அதை இறக்கி இருவருமாகச் சுற்றி மூடினார்கள்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சுற்றினால் இன்னொருவர் வாய்விட்டு எண்ண வேண்டும். எத்தனை சுற்றில் மூடினோமோ அத்தனை சுற்றில்தான் திரும்பத் திறக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் மாறிவிடும். வேலையில் சேரும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். அன்று யாரும் எண்ணவில்லை. செத்த லைனை யார் திரும்பத் திறக்கப்போகிறார்கள்?

மீட்டர் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டான். ஏழாவது மண்டலத்தில் முள் அப்படியே இறங்கிவிட்டது என்று அங்கிருந்தவன் சொன்னான். யார் கண்டுபிடித்தது என்று கேட்டான். "யாரு? நம்ம தலைவர்தான். லீவுல நடந்து போறப்போ, காதாலேயே" என்று மீட்டர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். லேப் அக்கா கைப்பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். மூவரும் அந்தச் சுவரில் சாய்ந்து நின்று தின்றார்கள். அவனுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. மணி பன்னிரண்டு இருபது.

சுவரைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வர ஏழெட்டு நிமிடம் ஆயிற்று. முப்பத்தொன்றாம் எண் ஒரு பழைய சலவைக் கூடம். ஒரு காலத்தில் ஊரிலுள்ள ஓட்டல், ஆஸ்பத்திரித் துணியெல்லாம் வெளுத்த இடம். உள்ளேயிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒன்றும் இல்லையே என்று ஒருவர் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனார்.

வாசலில் அட்டை. 'கசிவு. குழாய், தண்ணீர், பாத்திரங்கள்.' அவன் அதைப் படித்தான். மறுபடி படித்தான்.

உள்ளே நீளமான கூடம். உத்தரம் முழுக்கப் பழைய குழாய்கள். கீழே பதினெட்டுப் பாத்திரங்கள்: தகர வாளி, கண்ணாடிக் கிண்ணம், சலவைத் தொட்டி, மடித்த துணி, கவிழ்த்த தட்டு. சுற்றிலும் நாற்காலிகள். அநேகமாக எல்லாம் காலி. நடுவில் ஏணி. ஏணியின் மேலே வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு மைத்துனி ஒரு குழாய் மூட்டைத் திருகிக்கொண்டிருந்தாள்.

எத்தனை நாளாகத் தண்ணீர் விட்டுப் பார்க்கிறாய் என்று கீழேயிருந்து கேட்டான்.

டார்ச்சை எடுத்துவிட்டுச் சொன்னாள். "பன்னெண்டு நாளா. ராத்திரி பூரா இங்கதான். நல்லா விழுந்துட்டு இருந்துச்சு அத்தான். பன்னெண்டு இருபதுக்கு அப்படியே நின்னு போச்சு."

மீட்டர் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். தற்காலிக இணைப்புக்கு அனுமதி. அவர்களுடைய வாரியத்தின் முத்திரை. பகல் ஆபீஸ் கையெழுத்து. பதிமூன்று நாளுக்கு முந்தைய தேதி. பகல் ஆபீசும் இரவு ஆபீசும் ஒரே மாடியில் ஒரே மேஜைகளில்தான் உட்காருகின்றன. முகம் பார்த்துக்கொண்டதில்லை.

லேப் அக்கா அவன் காதருகில் வந்தார். இந்தப் பக்கமே சப்ளை நின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம், மெதுவாகத் திறந்துவிடலாம், யாருக்குத் தெரியும் என்றார். அவருடைய யோசனையில் தப்பில்லை. ஆனால் அவள் ஏணியின் மேலிருந்து தன் மூட்டுகளைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு இரவு செய்த வேலையை ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"இறங்கு. உன் மேல எதுவும் இல்ல. நான்தான் மூடினேன்" என்றான்.

அவள் இறங்கினாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"சுவருக்கு வெளியில கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எத்தனை?"

"பதினஞ்சு இருபதுன்னு நினைச்சேன்."

"பதினெட்டு" என்றாள். ஒரு நொடி அவள் கோபத்தையே மறந்துவிட்டது மாதிரி இருந்தது. பிறகு மணி பார்த்தாள். பன்னிரண்டு முப்பத்தைந்து. ஒவ்வொரு மூட்டையும் ஒரே அழுத்தத்துக்குப் பழக்கியிருக்கிறாள். தண்ணீர் கொஞ்சம் கூடினால் சொட்டு கம்பியாக ஓடிவிடும். குறைந்தால் நின்றுவிடும். முன்பு எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும். எத்தனை சுற்று என்று கேட்டாள். யாரும் எண்ணவில்லை என்று அவன் ஒப்புக்கொண்டான். பதினேழு வருட வேலையில் அவன் முதல்முறையாக எண்ணாமல் மூடிய வால்வு அது.

"அப்பா ஒரு மணிக்கு வராரு அத்தான்" என்று மட்டும் சொன்னாள்.

மீட்டரை அவளோடு கூடத்தில் விட்டுவிட்டு, லேப் அக்காவோடு பின்தெருவுக்கு ஓடினான். காலியான குழாயில் தண்ணீரை அவசரமாக விட்டால் காற்று இருமும், துரு கிளம்பும், அவளுடைய துணியும் கிண்ணமும் செம்மண் நிறமாகிவிடும். முதலில் தெருக்கோடியில் இருந்த கழிவு வால்வைத் திறந்து, கிளைக் குழாயில் இருந்ததை வெளியே விட்டார்கள். லேப் அக்கா தன் குடிதண்ணீர் பாட்டிலைக் கொட்டிவிட்டு அதில் பிடித்தார். விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். பழுப்பு. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார். மஞ்சள். நான்காவது தடவை வெகுநேரம் பார்த்து, ஒரு வாய் குடித்தும் பார்த்துவிட்டு, "விடலாம். கலைக்கு என்ன, கைக்குழந்தைக்கே கொடுக்கலாம்" என்றார்.

அதன் பிறகுதான் கஷ்டம். சாவியைக் கால் சுற்றுத் திருப்புவான். கீழே விடுவான். முட்டி போட்டுக் கம்பியைக் காதில் வைப்பான். முன்பு கேட்ட அந்த ஒரு நிமிடம்தான் அவன் கையில் இருந்த ஒரே அளவு. மூச்சு மாதிரி இருந்தது வந்துவிட்டது. மேஜை தட்டுவது வந்துவிட்டது. யோசிப்பதைக் காணோம். கால் சுற்று. மறுபடி முட்டி. காது முனையில் தோல் உரிந்து எரிந்தது.

தெருக்கோடியில் ஒரு டாக்சி நின்றது. பெரிய சாலையில் வண்டி விடாததால் ஓட்டுநர் பின்பக்கமாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்தான். இறங்கியவர் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையோடு, கையில் வரைபடத்தோடு, எண்களைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். விளக்கடியில் முட்டி போட்டிருந்தவனைத் தாண்டப் போய் நின்றார்.

"மாப்பிள்ளை?"

அவன் எழுந்தான். உடம்பெல்லாம் ஈரம், துரு. பொய் சொல்ல நினைத்திருந்தாலும் சொல்ல முடியாத கோலம்.

"நான் தெரியாம அவளோட தண்ணிய மூடிட்டேன் மாமா. திறந்துட்டு இருக்கேன். அவ வேலைல ஒரு தப்பும் இல்ல."

மாமனார் வாட்சைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். இதில் என்ன கேட்கும் என்று விசாரித்தார். அவனுக்குச் சொல்லி விளக்கத் தெரியவில்லை. கம்பியை நீட்டினான்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். கைக்குட்டையைத் தரையில் விரித்தார். அதன் மேல் முட்டி போட்டு, கம்பி முனையைக் காதில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மாமனாருடைய வலது கை விரல்கள் தொடையின் மேல் மெல்ல அசைய ஆரம்பித்தன. கோடு, வளைவு, புள்ளி. முப்பத்துநான்கு வருடப் பழக்கம்.

"மொத்தம் எத்தனை பேரு?" என்றார் தலையை நிமிர்த்தாமல்.

"பதினெட்டு மாமா."

"பதினாலுதான் பேசுது."

அதே நேரத்தில் லேப் அக்காவின் போன் அடித்தது. பின்வரிசையில் நான்கு விழவில்லை என்று கூடத்திலிருந்து மீட்டர் கத்தினான். தெரியும் என்று லேப் அக்கா சொன்னார். எப்படித் தெரியும் என்று அவன் கேட்டதற்கு, பெரிய காது வந்திருக்கிறது என்றார்.

அவன் சாவியைப் பிடித்தான். மாமனார் எண்ணினார். கால் சுற்று. பதினைந்து. கால் சுற்று. பதினாறு. பதினாறிலேயே கொஞ்ச நேரம் நின்றது. கால் சுற்றில் பாதி. பதினேழு. அவன் உள்ளங்கையில் சாவி வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தான். மெல்ல. இன்னும் மெல்ல.

"நிறுத்துங்க" என்றார். விரல்கள் அசைந்துகொண்டே இருந்தன. "பதினெட்டும் வந்துடுச்சு. ஆனா ஒண்ணு அவசரப்படுது."

அவன் ஒரு மயிரிழை பின்னால் இழுத்தான்.

மாமனார் கேட்டுக்கொண்டே இருந்தார். சுவருக்கு அப்பால் பெரிய சாலையில் யாரோ கைதட்டிச் சிரிக்கும் சத்தம் வந்து போயிற்று. பிறகு தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார். "கோர்ட்ல ரெண்டு பேர் ஒண்ணாப் பேசினா பேனாவ வச்சிடுவேன் மாப்பிள்ளை. எழுத முடியாது. இங்க பதினெட்டு பேர் பேசுறாங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் விழல." கம்பியை அவனிடம் கொடுத்தார். எழுந்து கைக்குட்டையை உதறி, நான்காக மடித்துப் பையில் வைத்தார். "இத அவளேயா பண்ணா? யாரும் கூட இல்லையா?"

"அவளேதான். பன்னெண்டு ராத்திரி."

"உங்களுக்கும் தெரியாதா?"

"பன்னெண்டு ராத்திரியும் நான் இவளத்தான் தேடிட்டு இருந்திருக்கேன் மாமா. தெரியல."

வெட்கமாக இருக்க வேண்டிய இடத்தில் வேறு எதுவோ நெஞ்சை நிமிர்த்தியது. ஊரிலேயே கூர்மையான காது என்று பேர் வாங்கியவனைப் பன்னிரண்டு இரவுகள் அலைய வைத்தவள் அவனுடைய வீட்டுப் பெண். பல வருடம் முன்பு, கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தபோது, அக்காவும் தங்கையும் ஒரு ராத்திரி அவனோடு ரோந்துக்கு வந்தார்கள். அக்கா அரை மணியில் வேனில் தூங்கிவிட்டாள். தங்கை விடியும்வரை கம்பியைக் கையிலிருந்து விடவில்லை.

கூடத்துக்குள் போனபோது நாற்காலிகள் பாதி நிறைந்திருந்தன. தகரத்தில் விழுவது ஒரு குரல். கண்ணாடியில் விழுவது வேறு. துணியில் விழுவது கேட்பதே இல்லை, அடுத்த சொட்டுக்கு இடம் விடுவதற்காக அது இருந்தது. தெருவில் கம்பி வழியாகக் கேட்டது எலும்பு. இங்கே அதற்குச் சதை இருந்தது. மைத்துனி ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள். அப்பாவைப் பார்த்தும் வெளியே வரவில்லை. மீட்டர் அவளுக்குக் காவல் மாதிரி பக்கத்தில் நின்று, பாத்திரங்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான்.

மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் அசையவில்லை. பிறகு தலையைத் திருப்பி மகளைத் தேடினார். அவள் வந்து எதிரே நின்றாள். சின்ன வயதில் மார்க் ஷீட்டோடு நிற்பது இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

"திங்கட்கிழமை அந்த ஆபீசுக்கு நானே போன் பண்ணி, நீ வரலன்னு சொல்லிடுறேன்" என்றார் மாமனார். "நான் சொன்னாதான் முறையா இருக்கும். நான்தானே அவங்ககிட்ட வாக்கு கொடுத்தேன்."

சரிப்பா என்று தலையை ஆட்டினாள். அவர் பக்கத்து நாற்காலியில் இருந்த வரைபடத்தை எடுத்து மடித்து அவளுக்கு இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள்.

இரண்டு மணிக்கு மேல் கூட்டம் திரும்ப வர ஆரம்பித்தது. முப்பத்தொன்றாம் எண்ணைப் பார்த்தீர்களா என்று தெருவில் பேச்சு பரவியிருந்தது. நாற்காலிப் பையன்கூட வந்தான். மீட்டரும் லேப் அக்காவும் இன்னும் நான்கு எண் பாக்கி இருக்கிறது என்று கிளம்பினார்கள். அவன் வரவில்லை என்றான். அவர்கள் கட்டாயப்படுத்தவில்லை.

மாமனார் முன்வரிசையை விட்டு எழுந்து வாசலுக்குப் போயிருந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே போய் நின்றார். உள்ளே நுழைகிறவர்களைச் சாட்சிக் கூண்டுக்கு அழைப்பது மாதிரி கையைக் காட்டி உட்கார வைத்தார். போனைப் பையில் வைக்கச் சொன்னார். நாற்காலி இழுபட்டால் திரும்பிப் பார்த்தார். ஒரு அம்மாள் மெதுவான குரலில், நீங்கள்தான் இதைச் செய்த கலைஞரா என்று கேட்டார்.

"நான் இல்ல. என் சின்னப் பொண்ணு. அதோ, நீலச் சட்டை." எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரல் அது. அந்த அம்மாள் தூணோரம் ஈரச் சட்டையும் வால்வுச் சாவியுமாக நின்றவனைப் பார்த்து, அவர் யார் என்றார்.

அவனும் அந்தப் பதிலுக்குக் காத்திருந்தான். ஒன்றரை வருடமாக அந்தக் கேள்விக்கு என்ன சொல்வதென்று அவனுக்கே தெரியவில்லை.

"எங்க மூத்த மாப்பிள்ளை" என்றார் மாமனார். "தண்ணி அவர் பொறுப்பு. நீங்க உக்காருங்கம்மா, பேசினா கேக்காது."

அவன் சாவியைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்து கேட்டான்.